ஒன்பதாம் மண்டலத்துச் சராசரிக் குடும்பம்

மோகனப்பிரியா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், அவளுடைய குடும்பம் அதிகாரபூர்வமாகச் சராசரியாகிவிட்டது என்ற செய்தி வந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் மண்டலக் கூலி வாரியத்தின் அளவீட்டு அலுவலர் ஃபர்ஹானா. பல்லடத்துக்கு வெளியே, எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் வீட்டில் நான்காவது வீட்டு வாசலில் அரசாங்க ஜீப் நின்றதும் மற்ற ஏழு வீடுகளின் கதவுகளும் ஓரங்குலம் திறந்தன. மோகனாவின் கணவன் தனசேகர் கோழித்தீவன மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

“பயப்பட வேண்டாம், நல்ல செய்திதான்,” என்றார் ஃபர்ஹானா. “இந்த ஒன்பதாம் மண்டலத்துல ரெண்டே முக்கால் லட்சம் குடும்பம் இருக்கு. அதுல மிகச் சரியான சராசரிக் குடும்பம் உங்களோடதுதான்.”

தனசேகர் கொஞ்சம் யோசித்தான். “சராசரின்னா பாஸுங்களா, பெயிலுங்களா?”

“ரெண்டும் இல்லை சார்.”

அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே மேற்கொண்டு எதற்கும் அவன் சம்மதித்திருப்பான்.

ஃபர்ஹானா நிதானமாக விளக்கினார். “முன்னாடியெல்லாம் குறைந்தபட்சக் கூலியை எப்படி முடிவு பண்ணுவாங்க தெரியுமா? முதலாளிங்க அஞ்சு பேர், தொழிற்சங்கத்துல அஞ்சு பேர், அதிகாரிங்க அஞ்சு பேர் உட்கார்ந்து டீ குடிப்பாங்க. இவங்க ஒண்ணு சொல்வாங்க, அவங்க ஒண்ணு சொல்வாங்க. அஞ்சு வருஷம் ஓடிடும். அறிவிப்பு வர்றப்ப வெலவாசி எங்கேயோ போயிருக்கும். இப்ப அந்தச் சண்டையே கிடையாது. மண்டலத்துக்கு ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் உயிர் வாழ மாசம் என்னென்ன தேவைப்படுதுன்னு தராசு பார்த்துக்கும். அதுக்கு ஆகிற செலவு எவ்வளவோ, அதுதான் இந்த மண்டலத்துல தனியார்கிட்ட வேலை பார்க்கிற எல்லாருக்கும் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி.”

“தராசா?”

“அது ஒரு கணினி அமைப்பு. உங்க சமையலறையில பாத்திரங்களுக்கு அடியில எடைத்தட்டு வைப்போம். கேஸுக்கு ஒரு பெட்டி, தண்ணிக் குழாய்க்கு ஒண்ணு, வாங்கிற துணிமணிக்கு ஒண்ணு. கேமரா கிடையாது. உங்க அந்தரங்கத்துல தலையிட மாட்டோம்.”

“எத்தனை பேருக்குங்க கூலி?” என்று கேட்டாள் மோகனா.

“நாலு லட்சம் பேருக்கு.”

மோகனாவின் கையிலிருந்த கல், பொறுக்கிய அரிசிக்குள்ளேயே திரும்ப விழுந்தது.

ஃபர்ஹானா ஒரு படிவத்தை நீட்டினார். கணவர் ஓர் அலகு, மனைவி புள்ளி எட்டு, இரண்டு குழந்தைகள் ஆளுக்குப் புள்ளி ஆறு, ஆக மொத்தம் மூன்று என்று அதில் அச்சாகியிருந்தது.

“நான் மட்டும் ஏனுங்க மேடம் புள்ளி எட்டு?”

“பொம்பளைங்க கொஞ்சம் கம்மியா சாப்பிடுவாங்கன்னு ஒரு கணக்கு.”

“மிச்சம் இருந்தாத்தானுங்களே சாப்பிடறது.”

ஃபர்ஹானாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க விதியில் இடமில்லாததால் படிவத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் அத்தியாவசியப் பொருட்களின் பட்டியல். மோகனா விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். கற்பூரம் இருந்தது. சவரப் பிளேடு இருந்தது. பீடி கூட இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. கணவன் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “எம் பெரிய புள்ளைக்குப் பதிமூணு வயசாச்சுங்க. மாசா மாசம் வாங்கறோமே, அது இதுல இல்லீங்களா?” என்றாள்.

“பட்டியல் ரொம்பப் பழசும்மா. சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன். மூணு வருஷமாச்சு,” என்றார் ஃபர்ஹானா, அவரும் அதே தாழ்ந்த குரலில்.

சன்மானம் ஏதும் உண்டா என்று தனசேகர் கேட்டான். கிடையாது, கொடுத்தால் சராசரி கெட்டுவிடும் என்று பதில் வந்தது. பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்ற உறுதிமொழியும், வெளியே சொன்னால் அபராதம் என்ற எச்சரிக்கையும் ஒரே தாளில் இருந்தன. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சுவரில் மாட்டிய சிறிய பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியத் தொடங்கியது.

மோகனா சிக்கனக்காரி. வடை சுட்ட எண்ணெயில் மறுநாள் தாளிப்பாள், தோசைக்கல்லில் எண்ணெய்க்குப் பதில் பாதி வெங்காயத்தைத் தேய்ப்பாள், ஒரு கிலோ கறியை மூன்று குழம்பாக்குவாள். தராசு இதையெல்லாம் முப்பது நாள் கவனமாகப் பார்த்தது. மாத முடிவில் ஒன்பதாம் மண்டலத்தில் மனிதர்கள் முன்பு நினைத்ததைவிட மலிவாக உயிர் வாழ முடியும் என்று கண்டுபிடித்தது. குறைந்தபட்சக் கூலி அறுநூற்று நாற்பது ரூபாய் குறைந்தது.

மோகனா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டையும் பிசிறும் பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்த ஜோதிமணி சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை நங்கென்று வைத்தாள். ஜோதிமணி அதே செக்கிங்கில்தான் வேலை செய்கிறாள், லைன் வீட்டில் ஐந்தாவது வீட்டுக்காரி. பன்னிரண்டு வருடச் சிநேகிதம்.

“எந்தக் கஞ்சப் பிசினாரி குடும்பமோ தெரியல. சோத்துக்குப் பதிலா காத்தைத் தின்னுட்டுக் கெடக்குதுக போலிருக்குது. அதுக வாயில புண்ணு வர!”

“பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ அக்கா,” என்றாள் மோகனா.

“என்ன கஷ்டம்? தின்னறதுல ஒரு கஷ்டமா?”

மோகனா அன்று கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கம்பெனியில் தின்பது தராசில் ஏறாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ரகசியம் அடுத்த மாதமே வெளியே வந்தது. வெளியிட்டது வாரியம்தான். சட்டப்படி அது வெளிப்படைத்தன்மை அறிக்கை ஒன்றைப் போட வேண்டும். போட்டது. பெயரைக் கவனமாக மறைத்துவிட்டு, “கணவர் தீவன மில்லில் சுமைதூக்குபவர், மனைவி பின்னலாடை செக்கிங், மகள்கள் இருவர், எட்டு வீட்டு வரிசையில் நான்காவது” என்று மற்றதையெல்லாம் எழுதியிருந்தது. ஜோதிமணி அதைப் படித்துவிட்டு நேராக வந்து வாசலில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று மோகனா நினைத்தாள். ஜோதிமணி உள்ளே போய் அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தாள்.

“ஏம் புள்ள, இதையா நாலு பேரு திங்கறீங்க? மொதல்லயே சொல்லியிருந்தா நான் கொண்டாந்து குடுத்திருக்க மாட்டனா?”

அன்று தொடங்கியதுதான். தொழிற்சங்கத் தலைவர் ஞானப்பிரகாசம் சிவப்புத் துண்டுடன் வந்து தனசேகருக்குக் கைகொடுத்தார். “தோழர், போராட்டக் களம் இப்ப உங்க சாப்பாட்டுத் தட்டுக்கு வந்திருக்கு. நீங்க சாப்பிடுற ஒவ்வொரு வாயும் நாலு லட்சம் பேருக்கான வாய்,” என்றார். அன்பளிப்பாக வந்ததையும் சந்தை விலை போட்டு தராசு சேர்த்துக்கொள்ளும் என்பதைச் சங்கம் வக்கீல் வைத்து உறுதிப்படுத்தியிருந்தது. திங்கட்கிழமை சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் பிரியாணி கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை லாரி டிரைவர்கள் நாட்டுக்கோழி. புதன்கிழமை ஸ்வீட் கடைப் பையன்கள் சங்கம் இரண்டு கிலோ மைசூர்பாகு. கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். உட்கார்ந்து, தனசேகர் தின்று முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

தனசேகருக்கு இதெல்லாம் புதிது. கல்யாண வீட்டில்கூட மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து பழகியவன். இப்போது டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பேக்கரியில் பப்ஸுக்குக் காசு வாங்கவில்லை, “வூட்டுக்குக் கொண்டுபோயித் தின்னுங்கண்ணா, இங்க தின்னா ஏறாது” என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அவனுக்குத் தொப்பை விழுந்தது. மில்லில் கூட இருப்பவர்கள் அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

“பிராய்லர் கோழிக்கும் இப்படித்தான் புள்ள கணக்கு,” என்றான் ஒரு நாள் மனைவியிடம். “எத்தனை கிலோ தீவனம் போட்டா எத்தனை கிலோ கறி. அதுக்கும் அடியில எடைத்தட்டுதான்.”

“அதுக்கு நாப்பத்திரண்டாவது நாள் லாரி வரும் மாமா,” என்றாள் மோகனா.

ஆவணி முடிவில் கூலி ஆயிரத்து நூறு ரூபாய் ஏறியது. லைன் வீட்டில் பட்டாசு வெடித்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் சிக்கல் வந்தது. மோகனா வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமைகளில் ஒரு பொழுதுதான். ஞானப்பிரகாசம் வந்து, “நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்மா. ஆனா இந்த வருஷம் மட்டும் பெருமாள்கிட்ட ஒரு விதிவிலக்கு கேட்டுப் பாருங்களேன்,” என்றார். எதிர்ப்பக்கம் உற்பத்தியாளர் சங்கம் அந்த வருடம் என்றுமில்லாத பக்தியோடு ஊரெங்கும் பெருமாள் பஜனைக்கு ஏற்பாடு செய்தது. விரதத்தின் மேன்மை பற்றிப் பேச ஒரு சாமியார் வந்தார். மோகனா பெருமாள் பக்கம் நின்றாள். அதனால் முதலாளிகள் பக்கம் நின்றவளாகவும் ஆனாள்.

மூன்றாம் சனிக்கிழமை, வெறும் வயிற்றோடு மக்காச்சோள மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தனசேகர் மயங்கி விழுந்தான். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பத்திரண்டு.

திங்கட்கிழமை மோகனாவை முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி பெயர் அவிநாசியப்பன். பனியன் கம்பெனியில் சேர்ந்து பதினேழு வருடத்தில் அவள் அந்த அறைக்குள் போனதில்லை.

“உக்காரு அம்மணி,” என்றார் அவர். “வூட்டுக்காரருக்குச் சர்க்கரையாமா?” மேஜை மேல் ஒரு அட்டையைத் தள்ளினார். “கோயமுத்தூர்ல பெரிய டாக்டரு. கார் அனுப்பறேன். ஒரு பைசா வேண்டாம். என்ன திங்கணும், எவ்வளவு திங்கணும்னு எழுதிக் குடுப்பாரு. அதும்படி நடந்துக்கச் சொல்லு.”

“உங்களுக்கு ஏனுங்க மொதலாளி இவ்வளவு அக்கறை?”

அவிநாசியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன்றகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். உன்ற வூட்டுக்காரரு வேளைக்கு ரெண்டு இட்லி கம்மியாத் தின்னா எனக்கு மாசம் ஒண்ணேகால் லட்சம் மிச்சம். ஆனா டாக்டரு நல்ல டாக்டரு அம்மணி. எனக்கே அவருதான் பாக்கறாரு.”

அவர் சொன்னது உண்மைதான். டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது, கேழ்வரகும் கொள்ளும் காய்களும் சாப்பிட வேண்டும், பாதத்தில் சின்னக் காயம் பட்டாலும் உடனே வர வேண்டும். எல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே ஞானப்பிரகாசம் வந்து அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர், சொந்த வீடு இல்லாதவர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

“மருத்துவத்தை நான் குறை சொல்லல தோழர். ஆனா டாக்டரை அனுப்பினது யாருன்னும் பாக்கணும். இந்த மாசக் கூலியை வைச்சுத்தான் தீபாவளி போனஸ். நாலு லட்சம் பேரு. தீபாவளி வரைக்கும் மட்டும், மாத்திரையைப் போட்டுக்கிட்டு, சாப்பாட்டைக் குறைக்காம…”

“அவரு என்ன மனுசனா, மிசினுங்களா?” என்று மோகனா எழுந்துவிட்டாள்.

“இரு புள்ள,” என்றான் தனசேகர். “இருபது நாள்தானுங்களே தோழர்? பாத்துக்கறேன்.”

அந்த இருபது நாளும் மோகனாவுக்கு ஒரே குழப்பமாக இருந்தது. கணவன் பிழைக்க வேண்டும் என்று சொன்னவர் கூலியைக் குறைக்கப் பார்க்கிறவர். கூலி உயர வேண்டும் என்று சொன்னவர் கணவனைக் கொல்லப் பார்க்கிறவர். நல்லது நினைப்பவனும் நல்லது செய்பவனும் ஒரே ஆளாக இருந்து தொலைத்தால் என்ன என்று பெருமாளிடம் கேட்டாள். தராசின் பட்டியலில் மருந்து உண்டா என்று ஃபர்ஹானாவுக்குப் போன் செய்தும் கேட்டாள்.

“நோய் அத்தியாவசியத் தேவையில வராதும்மா,” என்றார் ஃபர்ஹானா. “அது தனிப்பட்ட விஷயம்னு விதியில இருக்கு.”

தீபாவளி வந்தது. போனஸ் வந்தது. ஜிலேபி ஆறு பெட்டி வந்தது. தனசேகர் அவ்வளவையும் தின்று காட்டினான். மூன்றாம் நாள் செருப்பு கடித்த இடத்தில் வலது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. வலிக்கவே இல்லை என்றான். கார்த்திகை முதல் வாரத்தில் அந்த விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தின்பது தராசில் ஏறாது. அதனால் அங்கே யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. மோகனா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். கடைசிச் சுளையைக் கொடுக்கும்போது கேட்டாள்.

“பசிச்சா தின்னீங்க?”

“பசியே இல்ல புள்ள.” அவன் சுவரைப் பார்த்தான். “எனக்கு வயசு முப்பத்தொம்பது. இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்கன்னு எவனும் சொன்னதில்ல. சொன்னானுக. எப்படி வேண்டாம்கறது?”

வீட்டுக்கு வந்ததும் மோகனா வாசல் கதவைச் சாத்தினாள். பிரியாணியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். டாக்டர் எழுதிய சீட்டை அடுப்புக்கு மேலே ஒட்டினாள். ராகிக் களி, கொள்ளு ரசம், கீரை. மூத்தவள் ஆதிரையும் இளையவள் ரிதன்யாவும் முகம் சுளித்துக்கொண்டு தின்றார்கள். தராசு முப்பது நாள் பார்த்தது. கூலி ஆயிரத்து எண்ணூறு ரூபாய் இறங்கியது.

செக்கிங் மேஜையில் அவளுக்கு இருபுறமும் இடம் காலியானது. குடத்தோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த ஜோதிமணி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள்.

“எம்பட புள்ள நர்சிங் படிக்குது. இந்த மாசம் பீஸ் கட்ட முடியல,” என்றாள் வாசலில் நின்றபடியே. “உன்ற புருசன் ஒரு ஆளு. நாங்க நாலு லட்சம் பேரு. நீ பண்றது உனக்கே நல்லாருக்குதா மோகனா?”

மோகனா கணவனின் காலை மடியில் வைத்துக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று பிரிந்தது. ஜோதிமணி பார்த்தாள். விரல்கள் இருந்த இடத்தில் தையல் போட்ட சதை. தனசேகர் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

“அந்த ஜிலேபியில ரெண்டு பொட்டி நான் கொண்டாந்தது,” என்றாள் ஜோதிமணி. அப்புறம் உள்ளே வந்து மோகனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கழுவறதுக்குச் சுடுதண்ணி வெச்சியா? வெக்கலீன்னா நான் வூட்ல காச்சிக் கொண்டாறேன்.” எழுந்தவள், பச்சை விளக்கைப் பார்த்து நின்றாள். “இங்கயே காச்சறேன். கேஸாவது ஏறட்டும்.”

மோகனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்துதான் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். விலகிக்கொள்வதாக மோகனா எழுதிக் கொடுத்த மனுவை ஃபர்ஹானா படித்துவிட்டுத் தலையாட்டினார்.

“மூணு வருஷத்துக்கு விலக முடியாதும்மா.”

“செத்துப் போனா?”

“ஒரு அலகு குறைஞ்சதா எடுத்துக்கும்.” சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஒரே ஒரு வழிதான் இருக்கு. நீங்க சராசரியா இல்லாமப் போகணும். தராசே உங்களை விட்டுடும்.”

“அதுக்கு என்ன பண்ணோணும்?” என்றாள் ஜோதிமணி.

ஃபர்ஹானா தன் டேப்லெட்டைத் திறந்து தேடினார். “கார் வாங்கினா போதும். முடியாது, சரி. விமானத்துல போனா… அதுவும் முடியாது. நாய் வளர்த்தா? இல்லை, அது சராசரிக்குள்ளதான் வருது.” திடீரென்று நிறுத்தினார். “புத்தகம்.”

“எதுங்க?”

“பாடப் புத்தகமும் காலண்டரும் போக, ஒரு சராசரிக் குடும்பம் வருஷத்துக்கு வாங்கிற புத்தகம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு. நீங்க மாசம் ரெண்டு வாங்கி, பில்லை எனக்கு அனுப்புங்க. மூணே மாசத்துல தராசு உங்களைத் தூக்கி வெளிய போட்டுடும்.”

திருப்பூரில் ஒரு புத்தகக் கடையைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. என்ன புத்தகம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். “எதுன்னாலும் பரவால்லீங்க, பில்லு மட்டும் போட்டுக் குடுங்க,” என்றாள் மோகனா. கடைக்காரர் வருமானவரிக்காரர்களோ என்று பயந்து பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார். ஆதிரை நட்சத்திரங்களைப் பற்றிய ஒன்றை எடுத்தாள். மோகனா, கொடுக்கிற காசுக்குக் கனமாக இருக்கட்டும் என்று ஆழ்கடல் மீன்களைப் பற்றிய ஒன்றை எடுத்தாள். மூட்டை தூக்க முடியாமல் மில் வாசலில் வாட்ச்மேனாகிவிட்ட தனசேகருக்கு அது பொழுதுபோக்காயிற்று. “இங்க பாரு புள்ள, ஒரு மீனு தலையில லைட்டு வெச்சிட்டுத் திரியுதாமா,” என்று சமையலறை வரை வந்து காட்டுவான்.

பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாள் பச்சை விளக்கு அணைந்தது. “தங்கள் குடும்பம் சராசரித் தகுதியை இழந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று கடிதம் வந்தது. விசாரிக்க வந்தவர்கள் துக்கம் கேட்பதுபோல மெதுவாகப் பேசினார்கள்.

மனிதர்களை வைத்து அளந்தால் இப்படித்தான் என்று வாரியம் பாடம் கற்றுக்கொண்டது. இனி சராசரிக் குடும்பத்தைக் கணினியே தனக்குள் உருவாக்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். அந்தக் குடும்பத்துக்கும் ஒன்று, புள்ளி எட்டு, புள்ளி ஆறு, புள்ளி ஆறு. அவர்களுக்குச் சர்க்கரை வராது, பெருமாள் கிடையாது, யாரும் பிரியாணி கொடுக்க முடியாது. அவிநாசியப்பன் தொழிற்சாலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். முதல் மாதம் கூலி குறைந்தது. இரண்டாம் மாதம் மேலும் குறைந்தது. மூன்றாம் மாதம் அறிவிப்பே வரவில்லை. நான்காம் மாதமும் வரவில்லை.

ஆடி மாதம், மோகனா ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் நாற்காலி போட்டு ஃபர்ஹானா உட்கார்ந்திருந்தார். ஜீப் இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

“அந்தக் குடும்பத்தைக் காணோம்மா,” என்றார்.

“எந்தக் குடும்பம்?”

“கணினிக்குள்ள இருந்த குடும்பம். அவங்களுக்கு நாங்க ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்திருந்தோம். கிடைக்கிற கூலியில எப்படியாவது உயிர் வாழணும். முதல் மாசம் பாலை நிறுத்தினாங்க. தேவை குறைஞ்சிடுச்சுன்னு கூலி குறைஞ்சுது. ரெண்டாம் மாசம் பெரிய பொண்ணோட படிப்பை நிறுத்தினாங்க. கூலி இன்னும் குறைஞ்சுது. மூணாம் மாசம் திறந்து பார்த்தா வீடு காலி. மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு நாலாம் மண்டலத்துக்குப் போயிட்டாங்க.”

“நாலாம் மண்டலம்னா?”

“ஓசூர்ப் பக்கம். அங்க கூலி ஜாஸ்தி.”

“யாரு போகச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. அவங்களே கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க.” ஃபர்ஹானா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “திரும்ப ஒரு குடும்பத்தை உருவாக்கினோம். அது பத்தே நாள்ல போயிடுச்சு. குடும்பம் இல்லாம கூலி அறிவிக்கச் சட்டத்துல இடமில்லை. கோர்ட்டுல கேஸு. இப்ப முதலாளிங்க சங்கமே மனு கொடுத்திருக்கு, சதையும் ரத்தமுமா ஒரு குடும்பம் வேணும்னு. மனுஷங்கன்னா எவ்வளவு குறைச்சாலும் இருக்கிற இடத்துலயே இருப்பாங்களாம். உங்க பேரைத்தான் முதல்ல எழுதியிருக்காங்க. நீங்க புத்தகம் வாங்கறதை மட்டும் நிறுத்திட்டீங்கன்னா…”

மோகனா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அந்தக் குடும்பத்துல ரெண்டும் பொட்டப் புள்ளைங்களா மேடம்?”

“ஆமா. உங்களை வைச்சுத்தானே செஞ்சோம்.”

“அங்க அவங்களுக்கு வீடு கெடைச்சுதுங்களா?”

ஃபர்ஹானா டேப்லெட்டைத் திறந்தார். “கிடைச்சிருக்கு. ரெண்டு ரூம்.”

“பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்குதுங்களா? அவருக்கு உக்காந்து பாக்கற மாதிரி என்ன வேலை? வாடகை எவ்வளவுக்குப் பேசியிருக்காங்க?”

ஃபர்ஹானா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளும் படிக்கிற மாதிரித் திரையைத் திருப்பி வைத்தார்.

“ஜோதியக்கா,” என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் மோகனா, “ஒரு பேனா எடுத்துட்டு வாங்க. எழுதிக்கலாம், நமக்கும் ஆகும்.”